கிசோம்பே கேட்க வந்த பம்ப்

லாரியில் ஏறியதிலிருந்து வவூதா புருஷன் கிசோம்பேயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. சரணாலயத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களை இலவசமாகக் கூட்டிக்கொண்டு போய் யானை காட்டுவார்கள். சோளக்காட்டில் தினம் யானையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு யானை காட்ட ஒரு லாரி! மற்ற வருஷங்களில் நாலு பேர்கூட ஏறமாட்டார்கள். இந்த வருஷம் நிற்க இடமில்லை. கிசோம்பே பம்பைத் திருப்பிக் கேட்கப்போகிறான் என்று ஊருக்கே தெரியும்.

அவன்தான் கேட்க வேண்டும். கொடுக்கச் சொன்னவனும் அவன்தான். முன்பு வந்த பெரிய வறட்சியில் யானைகள் தாகம் தாங்காமல் ஊருக்குள் புகுந்து தண்ணீர்த் தொட்டியைப் பிளந்து போட்டன. அப்போதுதான் சரணாலயத்து ரேஞ்சர் தோயா ஊர்க் கூட்டத்துக்கு வந்தான். “எங்க நீர்த்தேக்கம் வத்திப்போச்சு. அங்க இருக்கற போர்க் கெணத்துல பம்ப் எரிஞ்சுபோச்சு. உங்க சோலார் பம்பை ஒரே ஒரு கோடைக்கு இரவலா குடுங்க. உள்ளயே தண்ணி கெடைச்சா யானை எதுக்கு வெளிய வருது?” என்றான். ஊர் தயங்கியது. கிசோம்பே எழுந்து ஒரு பேச்சுப் பேசினான் பாருங்கள், பெற்ற பிள்ளையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். பம்பைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

ஒரு கோடை மூன்று கோடையாயிற்று. பெண்கள் காய்ந்த ஆற்றில் ஆளுயரத்துக்கு மணலைத் தோண்டி, அடியில் ஊறுவதைச் சுரண்டி எடுத்து வருகிறார்கள். போன மாதம் குழி சரிந்து ஒருத்தி உள்ளேயே போய்விட்டாள். யானைகளும் வராமல் இல்லை. குடிப்பது அங்கே, சாப்பிடுவது இங்கே என்று வசதி செய்துகொண்டுவிட்டன.

“மலேம்பா அப்பா, நல்லாக் கேட்டுக்க,” என்றாள் வவூதா, முகத்தைத் திருப்பாமலே. “எனக்கு முதுகு போச்சு. அடுத்து உன் பொண்ணு மலேம்பாதான் அந்தக் குழியில எறங்கணும். பம்ப் இல்லாம நீ வீட்டுக்கு வராத.”

“வாங்கிட்டு வர்றேன்னு சொல்றேன்ல.”

“உன் வாய்தான் குடுத்துச்சு. அதே வாய் வாங்கட்டும்.”

நீர்த்தேக்கத்தைப் பார்த்ததும் லாரியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி தண்ணீர், குழாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. மரமேடையில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களில் ஒருத்தி, சத்தம் போடாதீர்கள் என்று இவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். யாருடைய தண்ணீருக்கு யார் காவல்!

தோயா மைக்கைப் பிடிப்பதற்குள் கிசோம்பே முன்னால் போய் நின்றான். “தோயா, கதையெல்லாம் வேணாம். பம்பைக் கழட்டு. லாரி இருக்கு, ஆள் இருக்கு, இப்பவே ஏத்திட்டுப் போறோம்.”

வவூதா அன்றைக்கு முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

தோயா சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அலுப்போடு தலையாட்டினான். “உங்க பொருள் பெரியவரே, தாராளமா எடுத்துட்டுப் போங்க. கொஞ்சம் நில்லுங்க. அதுங்க வர்ற நேரம்தான்.”

வந்தன. முள்காட்டிலிருந்து முதலில் ஒரு கூட்டம், செம்மண் பூசிய உடம்போடு. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வந்துகொண்டே இருந்தன. கரை மறைந்துவிட்டது.

“நீங்க பம்ப் குடுத்தப்ப இதுல கால்வாசிகூட இல்ல,” என்றான் தோயா. “தண்ணி இருக்குன்னு தெரிஞ்சதும் எங்கெங்கயோ கெடந்ததெல்லாம் வந்து குடியேறி, குட்டியும் போட்டாச்சு. கழட்டினா இது மளமளன்னு வத்திரும். அப்புறம் தண்ணி வாசனை எங்க அடிக்குதோ அங்கதான் வரும். பக்கத்து ஊர் எதுன்னு நான் சொல்லணுமா?”

“அப்ப எங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடு.”

“கேக்காமயா இருப்பேன்? குடுக்கறவங்க யானைக்குத்தான் குடுக்கறாங்க. மனுஷனுக்குக் குடுக்கறது வேற ஆபீஸாம்.”

ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழுந்தது. மேடையில் சிரிப்பு கேட்டது. ஊர்க்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. காட்டுப் பக்கம் யார் வீடு முதலில் இருக்கிறது என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள். முதல் வீடு கிசோம்பேயுடையது.

எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“பம்ப் ஒழுங்கா ஓடுதா?” என்றான் கடைசியில்.

“ரெண்டு நாளா லேசா ஒரு சத்தம்.”

“அசட்டையா விட்றாத தோயா. ரிப்பேர்னா சொல்லியனுப்பு, நானே வந்து பாக்கறேன். எந்தக் காரணத்துக்கும் இது நின்னுடக் கூடாது.”

சொல்லும்போதே அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை என்பது அதைவிடக் கேவலமாக இருந்தது.

திரும்பி வரும்போது வவூதா லாரிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். திட்டு திட்டு என்று அவன் மனசுக்குள் கெஞ்சினான். ஊர் தெரிய ஆரம்பித்ததும்தான் அவள் பேசினாள்.

“குழியில எறங்கறப்போ மொதல்ல ஓரத்து மண்ணைத் தட்டிப் பாக்கணும். நாளைக்கு மலேம்பாவுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறேன்,” என்றாள்.