முள்ளில் ஏறிய இரைச்சல்

சோமனூரில் இரவு பகலாக விசைத்தறி ஓட்டும் தம்பிதுரைக்கு இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்து எட்டு வருடம் ஆகிறது. போனில் பாட்டுக் கேட்பவர்களை அவர் மனுசராகவே மதிப்பதில்லை. தறிக்கொட்டகையை ஒட்டி ஓர் அறை கட்டி, சுவரெல்லாம் பஞ்சு அட்டை அடித்து, கதவிடுக்கில் ரப்பர் வைத்து அடைத்தார். உள்ளே நின்றால் பக்கத்தில் தறி ஓடுவதே தெரியாது.

முதல் நாள் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். முள்ளை மாற்றினார், வயரை மாற்றினார், இரைச்சல் போவேனா என்றது. மனைவி சண்முகப்பிரியாவை உட்காரவைத்துக் கேட்டால், அருமையாக இருக்கிறது என்றாள். அவ்வளவுதான், மனிதருக்குத் தூக்கம் தொலைந்தது. அவளுக்குக் கேட்காதது தனக்குக் கேட்கிறதென்றால் கோளாறு காதில்தானே! முப்பது வருடம் தறிக்கு நடுவில் நின்ற காது. அவருடைய அப்பாவுக்கும் ஐம்பத்தைந்தில் காது போயிற்று. இனிப் பாட்டே இல்லையா என்று தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அதே ஸ்பீக்கரில் போனை மாட்டி ஒரு பாட்டைப் போட்டிருந்தால் கோளாறு காதிலா, கருவியிலா என்று விளங்கியிருக்கும். வறட்டுக் கௌரவம் விட்டால்தானே.

வீட்டில் மூச்சு விடாமல் கோயமுத்தூர்க் காது டாக்டரிடம் நேரம் வாங்கினார். போக வேண்டிய நாள் பார்த்து மாதாந்திர மின்தடை, ஊர் முழுக்கத் தறி நின்றுவிட்டது. டாக்டர் என்ன சொல்வாரோ, போவதற்குள் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று இன்வெர்ட்டரில் தட்டைப் போட்டார்.

பாட்டு மட்டும் வந்தது. அடியில் ஒன்றுமே இல்லை. முள்ளை எடுத்துத் திரும்ப வைத்தார், அப்போதும் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் சண்முகப்பிரியா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

“ஏனுங்க, அந்த எரைச்சலு நின்னுபோச்சுங்களா?”

“உனக்குங் கேட்டுதா?”

“மொத நாளே கேட்டுதுங்க. ஆசையாக் கட்டுனீங்க, நொட்டை சொன்னா மனசு ஒடைஞ்சுபோயிருவீங்கன்னு உட்டுப்போட்டேன்.”

தம்பிதுரைக்கு அப்போதுதான் உறைத்தது. தறியின் அதிர்வு தரை வழியாக வந்து முள்ளில் ஏறியிருக்கிறது. சுவரை அடைத்தவர் தரையை மறந்திருக்கிறார். பதினைந்து நாள் தன்னைத் தூங்கவிடாத அவள் கரிசனத்தின் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கண் நிறைந்துவிட்டது.

“எனக்குக் காது நல்லா இருக்குது, பிரியா.”

“அதுக்கென்னங்க வந்துச்சு?” என்றாள் அவள்.