காளான் அறைக்கு இன்னும் ஒரு லைப்ரரி

லேப்டாப் திரையில் சிவப்பு எழுத்துகள் மறுபடியும் வந்து உட்கார்ந்தன. தம்பி பல்லைக் கடித்தான். பக்கத்தில் நின்ற மாமா, அக்காவின் கணவர், பஸ் கண்டக்டர். சில்லறை இல்லாமல் ஏறிவிட்ட பயணியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தார்.

"என்ன மாப்ள, இன்னும் சிவப்பா?"

"லைப்ரரி இல்லையாம் மாமா."

"அது என்ன சாமான்?"

"வேற யாராவது எழுதி வெச்சிருக்கிற கோட். நாம எடுத்துச் சேர்த்துக்கணும். சென்சார் படிக்கிறதுக்கு ஒண்ணு, வைஃபைக்கு ஒண்ணு, கிளவுடுக்கு அனுப்ப ஒண்ணு."

"அப்ப இதுல நீ எழுதினது எது?"

தம்பி விசைப்பலகையைக் குத்திய குத்தில் மேசையே பதில் சொன்னது.

அக்கா கூடத்தில் பையைக் கட்டி வைத்துவிட்டு, கட்டாதவள் முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பித்தப்பையில் கல். நாளைக் காலை ஆபரேஷன், இன்று மதியம் சேர வேண்டும். ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. முதல் தடவை காளான் பைகள் புதிதாகக் கட்டியிருந்தாள், அடுத்த தடவை அவை மொட்டு விட்டிருந்தன. டாக்டர் போனில் கத்தியது வாசல்வரை கேட்டது. பின்னறையில் வரிசையாகத் தொங்கும் அந்தப் பைகள் கொஞ்சம் சூடு ஏறினாலே கெட்டுப்போகும். மாமாவிடம் அறையை ஒப்படைக்க அவளுக்கு மனசில்லை. தனக்கு வேர்க்கவில்லை என்றால் அறை குளுகுளுவென்று இருப்பதாக நம்புகிறவர் அவர்.

"ரூம் சூடு என் போன்ல தெரியணும். அப்பதான் கிளம்புவேன்" என்று அக்கா நிபந்தனை போட்டிருந்தாள்.

தம்பி வேலை பார்ப்பதோ குளிர்பதனக் கிடங்குகளின் சூட்டை அளந்து போனுக்கு அனுப்பும் கருவி செய்கிற கம்பெனியில். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று சொல்லிவிட்டான். சொன்னபோது அவன் முகத்தில் இருந்த தெனாவட்டைப் படமெடுத்து வைத்திருந்தால் இப்போது கிழித்துப் போட வசதியாக இருந்திருக்கும். அக்காவுக்காக அவன் செய்த சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு ஆபீசில் சமர்த்தாக ஓடியது. ஆனால் அதற்குள் இருந்தது ஆபீஸ் வைஃபையின் பெயர். இங்கே ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவர அனுமதி இல்லை. ஒரு வரிதானே, அக்கா வீட்டு லேப்டாப் போதும் என்று கைவீசிக்கொண்டு வந்துவிட்டான்.

அந்த ஒரு வரிக்கு இந்த லேப்டாப் ஒரு ஊரையே அழைத்து வரச் சொன்னது. சென்சாரின் லைப்ரரியை இறக்கினால், அது தன் பங்காளி இல்லாமல் வரமாட்டேன் என்றது. பங்காளியை இறக்கினால், கிளவுடு லைப்ரரி முகத்தைத் திருப்பிக்கொண்டது. புது வெர்ஷனில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய பெயரையெல்லாம் மாற்றித் தொலைத்திருந்தான். பழைய வெர்ஷனைத் தேடிப் போட்டான். லேப்டாப் யோசித்தது. மறுபடி சிவப்பு. இப்போது கேட்டது 'மீண்டும் இணை' என்ற ஒரு லைப்ரரி. இணையத்தில் சல்லடை போட்டுத் தேடினான். எங்கேயும் இல்லை.

"எந்த மடையன் எழுதினதுன்னு தெரியல. எழுதிட்டு எங்கேயும் போடாம ஒளிச்சு வெச்சிருக்கான். இவனையெல்லாம் கம்ப்யூட்டர் பக்கமே விடக்கூடாது. மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல."

"மாடு பாவம்" என்றார் மாமா.

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "முடியலன்னா விட்டுடுடா. அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." அந்தக் குரலில் நிம்மதி இருந்தது. அதுதான் அவனுக்கு நெருப்பை மூட்டியது.

ஆபீஸ் நண்பன் மொட்டைக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் வைத்தது அன்றைய இரண்டாவது தவறு.

"டேய், என் கம்ப்யூட்டர்ல லைப்ரரி ஃபோல்டரைத் திற. 'மீண்டும் இணை'ன்னு ஒண்ணு இருக்கா? அது எவன் எழுதினது?"

மொட்டை கொஞ்ச நேரம் சிரித்தான். "நீதாண்டா. போன வருஷம் நெட் அடிக்கடி அறுந்துச்சுன்னு எழுதுனியே. அப்புறமா ஒழுங்கா எல்லாருக்கும் போடறேன்னு சொன்னே. உன் மெஷின்லயே கிடக்குது."

மாமா தொண்டையைச் செருமினார். "நீ எழுதினது எதுன்னு கேட்டேன்ல மாப்ள. தெரிஞ்சுபோச்சு."

மொட்டை அனுப்பிய கோப்பைச் சேர்த்ததும் சிவப்பு அடங்கியது. போர்டில் நீல விளக்கு சிமிட்டியது. அக்காவின் போனில் காளான் அறையின் சூடு, சுத்தமான எண்ணாக வந்து நின்றது.

அக்கா அதைப் பார்த்தாள். "இது தப்பாக் காட்டினா?"

"காட்டாது."

"கரண்ட் போச்சுன்னா?"

"பேட்டரி இருக்கு."

"உங்க மாமா தண்ணி தெளிக்க மறந்துட்டா?"

தம்பி லேப்டாப்பை அறைந்து மூடினான். "வயித்துல கல்லை வெச்சுக்கிட்டுக் காளானுக்குக் காவல் காக்கிறியா? ராத்திரியெல்லாம் சுருண்டு கிடந்தது யாரு? காலையிலேர்ந்து ஒண்ணைக் கொடுத்தா இன்னொண்ணைக் கேட்கிற. இந்த லேப்டாப்பும் நீயும் ஒரே ஜாதி." மூச்சு வாங்கியது அவனுக்கு. தன் கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினான். "மொத்தமாச் சொல்லிடு. வேற என்னதான் வேணும் உனக்கு?"

அக்கா பையின் வாரை முறுக்கினாள். "ராத்திரி அங்க நான் தனியால்ல இருக்கணும்" என்றாள். "மாமா நாளைக்குக் காலைலதான் வருவார். நீயும் விட்டுட்டு ஆபீஸ் போயிடுவே."

இவ்வளவு நேரம் எந்தத் திரையிலும் வராத எரர் அது. தம்பி மொட்டைக்கு மறுபடி போன் போட்டான், இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லாமல். "நான் இன்னைக்கு வரல. நாளைக்கும் வரல. மேனேஜர் கத்தினா கத்தட்டும்."

கார் தெருமுனை திரும்பும்வரை அக்கா பின்னால் பார்த்தபடி வந்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள். எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அவள் மூக்கு விடைத்தது. மாமாவுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, கதவைத் தொறந்து போட்டுட்டு அங்க என்ன பண்றீங்க?"

"உனக்கெப்படித் தெரியும்?" மாமாவின் குரல் நடுங்கியது.

"எல்லாம் தெரியும். சாத்துங்க. ஃபேனைப் போடுங்க. அந்த ஃபேன் இல்ல, சின்ன ஃபேன். வேர்க்கலையா? நீங்க என்ன காளானா?"

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது தெரியாமல் திட்டினாள். இறங்கினாள், திட்டிக்கொண்டே படியேறினாள். வரவேற்பு மேசைப் பெண் ஏதோ கேட்க வாய் திறந்தபோது, பொறு என்று ஒரு விரலைக் காட்டினாள். தம்பி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்து, அவளுக்குப் பதிலாக விவரங்களைத் தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் திட்டு தீருமுன் சேர்த்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டான்.