சிரிப்பும் பதினெட்டு சதவீதத்தில் சேர்த்தியா?

லாம்ப்ரோஸ் தன் உணவகக் கதவில் அந்த அறிவிப்பை ஒட்டிய அன்றே நான் என் முகத்துக்கு விடுமுறை கொடுத்துவிட்டேன்.

'இனி டிப்ஸ் வைக்க வேண்டாம். பில்லோடு பதினெட்டு சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். ஒரு மாதம் பார்ப்போம்' என்று எழுதியிருந்தது. அமெரிக்காவில் இந்த டொலீடோ ஊரில் பத்தொன்பது வருஷமாகப் பரிமாறுகிறேன். முதலாளி தருகிற சம்பளம் பேருக்குத்தான். என் வீட்டு வாடகையைக் கட்டியது மேஜையில் விட்டுப்போகும் டிப்ஸ். அதற்காக எண்பது வயதுக் கிழவரையும் 'கண்ணு' என்று கூப்பிட்டிருக்கிறேன். பில்லின் பின்னால் சிரிக்கிற முகம் வரைந்து, 'நன்றி, நோரீன்' என்று எழுதியிருக்கிறேன். அந்த வட்ட முகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விழும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை வெண்டல் ப்ரூயிட்டின் ஜோக். வெண்டல் ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர். பன்னிரண்டு மணிக்கு வந்து மூன்றாவது ஸ்டூலில் உட்காருவார். புல்வெட்டும் மெஷினை இரவல் வாங்கி மூன்று வருஷமாகத் திருப்பித் தராத மருமகனைத் திட்டிக்கொண்டே சாப்பிடுவார். தட்டைக் கழுவி வைத்ததுபோல் வழித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "நல்லாவே இல்ல நோரீன், வாய்ல வைக்க முடியல" என்பார். நான் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். இந்த ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல. நானும் பதினோரு வருஷம் சிரித்தேன்.

அன்றும் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு, "பில் கொண்டு வரட்டுமா சார்?" என்றேன்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"கேட்டுச்சு சார்."

"அப்ப சிரிப்பு எங்க?" பில்லை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "சேவைக் கட்டணம்னு போட்டிருக்கு. சேவையில சிரிப்பு உண்டா, இல்லையா? யோவ் லாம்ப்ரோஸ், இங்க வாய்யா!"

லாம்ப்ரோஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "காபி ஊத்துறது, தட்டு எடுக்கிறது, மேஜை துடைக்கிறது. அதான் சேவை. சிரிப்பெல்லாம் அவ இஷ்டம்."

"பதினோரு வருஷமா இருந்துச்சே!"

பக்கத்து ஸ்டூல்காரரும் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். "அதைத்தான்யா நானும் கேக்குறேன். நல்லாப் பரிமாறினாலும் பதினெட்டு, சட்டையில கொட்டினாலும் பதினெட்டா? உன் ஆளுக்கு நீ சம்பளம் குடு. எங்க தலையில ஏன் கட்டுற?"

"குடுக்கணும்னா விலையை ஏத்தணும். ஏத்தினா நீ நாளைக்கே எதிர்க்கடையில உக்காந்திருப்ப."

அது உண்மைதான் என்பதால் பக்கத்து ஸ்டூல்காரர் தன் காபிக்குத் திரும்பினார். விவகாரத்தை முடிக்க லாம்ப்ரோஸ் என் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு தடவை சிரிச்சுத் தொலையேம்மா. மனுஷன் போகட்டும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாது! வாரத்துக்கு ஆறு நாள், ஒரே ஜோக்கு. ஒரு நாள்கூட எனக்குச் சிரிப்பு வரல. டிப்ஸுக்காகச் சிரிச்சேன்."

வெண்டல் தொப்பியை எடுத்தார். "ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

நாலு நாள் மூன்றாவது ஸ்டூல் காலியாகக் கிடந்தது. சொன்னது உண்மைதான், ஆனாலும் பன்னிரண்டு மணி ஆனால் என் கண் கதவுக்குப் போனது. ஐந்தாம் நாள் வந்து உட்கார்ந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன் நோரீன். பஸ்ஸுலயும் ஜோக் சொல்லிக்கிட்டேதான் ஓட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. இறங்குற இடத்துல வண்டியை நிறுத்தணுமேன்னுதான் சிரிச்சாங்களோ?"

நான் அவர் கோப்பையில் காபி ஊற்றினேன்.

"ஒருத்தரையாவது நெஜமா சிரிக்க வச்சிருக்கேனான்னு எனக்குத் தெரியணும். இந்த மாசம் முடியறதுக்குள்ள உன்னைச் சிரிக்க வைக்கிறேன். அப்புறம் டிப்ஸ் திரும்ப வந்துட்டா உன் சிரிப்பை நம்ப முடியாது."

அன்றிலிருந்து தினம் ஒரு புது ஜோக். காகித நாப்கினில் எழுதிக்கொண்டு வருவார். பாதியில் கண்ணாடியைத் தேடுவார், முடிவை முதலில் சொல்லிவிடுவார். நான் சிரிக்கத் தயாராகத்தான் நின்றேன், வந்தால்தானே! "இல்ல சார்" என்பேன். "நாளைக்குப் பாரு" என்பார். மாதத்தின் கடைசி நாள் வெறும் நாப்கினைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போனார்.

மேஜைகள் பாதி காலியாகிவிட்டதால் லாம்ப்ரோஸ் அறிவிப்பைக் கிழித்துவிட்டார். டிப்ஸ் திரும்பி வந்தது, நானும் முகத்தை மாட்டிக்கொண்டேன். அன்று வெண்டல் ஈரல் வறுவல் கேட்டார். சமையல்காரன் அதைக் கரியாக்கி வைத்திருந்தான். வெண்டல் முள்கரண்டியால் குத்திப் பார்த்தார், இறங்கவில்லை. ஒரு துண்டு கடித்தார். அப்படியே வைத்துவிட்டார்.

"எப்படி இருந்துச்சு கண்ணு?" என்றேன் பழக்க தோஷத்தில்.

தட்டை என் பக்கம் தள்ளினார். பிறகு மிகவும் பொறுப்பாக, "மிச்சத்தைக் கட்டிக் குடு. மருமகன் சாப்பிடட்டும்" என்றார்.

அவர் ஜோக் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் காபி ஜாடியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அவர் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "நடிக்காத. டிப்ஸ் வந்துடுச்சுல்ல."

"சத்தியமா இல்ல!"

பில்லுக்கு உண்டான பணத்தைச் சரியாக எண்ணி வைத்தார். பர்ஸைக் கோட்டுக்குள் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தார். "இன்னிக்கு ஒரு சென்ட்கூடக் கெடையாது. இப்பப் பாக்கலாம். கட்டிக் குடு, மருமகனுக்கு."

நான் அந்தக் கறுப்பு ஈரலைப் பார்த்தேன். மறுபடி பீறிட்டு வந்தது, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வெண்டல் கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "பாத்துக்கோங்கய்யா! சும்மா சிரிக்கிறா!"

அதற்குப் பிறகு அவர் எனக்கு டிப்ஸ் வைப்பதே இல்லை. வைத்தால் சந்தேகம் வந்துவிடுமாம். தினமும் வருகிறார், பர்ஸை மூடி ஜிப்பை இழுத்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார். நேற்றுத் தட்டைப் பளபளவென்று வழித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "நல்லாவே இல்ல நோரீன், வாய்ல வைக்க முடியல" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் காசு வாங்காமல் நான் சிரித்த முதல் பொய்ச் சிரிப்பு அது.