சாயப்பட்டறை மனையில் ஒரு குழி

இடித்துப் போட்ட சாயப்பட்டறை மனை ஆறு வருஷமாகச் சும்மா கிடந்தது. தெருவில் நாலு குடும்பங்கள் சேர்ந்து உரிமையாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு, செங்கல் ஜல்லியெல்லாம் பொறுக்கி எறிந்து, லாரி மண் கொட்டித் தக்காளியும் கத்தரியும் பூசணியும் போட்டார்கள். அதில் பாதி மெனக்கெடல், அந்தக் குடும்பங்களில் ஒன்றின் மூத்தவரான பெரியவருடையது. வாரம் ஆறு நாள் பஸ் ஓட்டுகிற மனுஷன், ஏழாவது நாள் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு மனைக்கு வந்துவிடுவார். "ஸ்டியரிங் பிடிச்ச கைக்கு இதுதான் ஓய்வு" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பூசணிக்குப் பந்தல்கால் நட மூலையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பத்தடி தள்ளிக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பதினோரு வருஷமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். கடப்பாரை எதிலோ மோதி 'ணங்'கென்றது. அவர் இன்னொரு குத்துப் போட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தபோது அங்கே ஆளைக் காணோம். மண் மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

ஓடினாள். மண்ணுக்கடியில் இருந்த சிமென்ட் பலகை உடைந்து ஒரு கறுப்பு வாய் திறந்திருந்தது. பட்டறையின் பழைய கழிவுத்தொட்டி. இரண்டு ஆள் ஆழம் இருக்கும். அடியில் முழங்கால் அளவு சேற்றில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"ஒண்ணுமில்ல, கால்தான் மடங்கிடுச்சு" என்று குரல் வந்தது.

அதற்குள் அவள் மூக்கில் அழுகின முட்டை நாற்றம் ஏறியது. அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். போன வருஷம் ஒரே தொட்டியிலிருந்து மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் விழுந்தான், மற்ற இருவரும் அவனைத் தூக்க இறங்கினார்கள். மூன்று பேர் உடுப்பிலும் இதே நாற்றம். மூன்று ஸ்ட்ரெச்சரையும் அவள்தான் கழுவினாள்.

சத்தம் கேட்டு அவர் தம்பி ஓடி வந்தான். ஏசி மெக்கானிக், எல்லாருக்கும் அவன் சின்னவன். அண்ணன் போட்ட கோட்டைத் தாண்டாதவன். வந்த வேகத்தில் சட்டையைக் கழற்றினான்.

"தம்பி, இறங்காதே! உள்ள விஷக்காத்து இருக்கு!"

"அண்ணன் உள்ள கெடக்கான், தள்ளுங்க அண்ணி!"

அவள் நகரவில்லை. அவன் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் பிய்த்துக்கொள்ளப் பார்த்தான். அவன் முன்கையைக் கடித்தாள். பல் பதிகிற அளவுக்குக் கடித்தாள். பின்னாலேயே வந்த நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"பாவி, உன் புருஷனைக் காப்பாத்தப் போறவனைத் தடுக்கிறியே! நீ மனுஷிதானா?"

அந்த வார்த்தை அவள் நெஞ்சைக் கிழித்தது. நாத்தனார் சொல்வது சரியாகிவிட்டால்? இவன் இறங்கி அவரைத் தூக்கிவிட முடியும் என்றால்? நான்தான் அவரைக் கொன்றேன் என்று ஆகாதா? ஆனாலும் பிடியை விடாமல் நாத்தனாரைப் பார்த்துக் கத்தினாள்.

"ஃபயர் சர்வீசுக்குப் போன் போடு! விஷவாயுன்னு சொல்லு! தம்பி, கயிறு கொண்டா, கயிறு!"

'கயிறு' என்றதும்தான் சின்னவனுக்குப் புத்தி திரும்பியது. பந்தலுக்கு வாங்கிய நைலான் கயிறு, ஒரு பழைய கதவு, பக்கத்து வீட்டு ஆட்கள் மூன்று பேர், எல்லாம் நிமிஷத்தில் வந்தன. உடைந்த விளிம்பு மேலும் சரியாமலிருக்கக் கதவைக் குறுக்கே போட்டார்கள். அவள் கயிற்றில் சுருக்குப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவின்மேல் படுத்து உள்ளே விட்டாள்.

"என்னங்க, தலையை உள்ள விட்டு, கைரெண்டையும் மேல எடுங்க."

கை மேலே வரவில்லை. பிறகு, "தூக்கமா வருது..." என்றார்.

"தூங்கக் கூடாது. கையைத் தூக்குங்க!"

"அப்புறம்..."

தலை சாய்ந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரை ஒருமையில் பேசாதவள், தெருவே கேட்கக் கத்தினாள்.

"டேய்! கையத் தூக்குடா! தூக்குடான்னா!"

அதட்டலுக்குப் பழகிய குழந்தைபோல ஒரு கை மேலே வந்தது. சுருக்கு தலையைத் தாண்டி இறங்கியது. இன்னொரு கையும் பாதி வந்தது. அவள் கயிற்றைச் சுண்டினாள், அக்குளில் இறுகியது.

"இழுங்க!"

நாலு ஆண்களும் இரண்டு பெண்களும் இழுத்தார்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தது. வெளியே வந்தவரின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குத் துணிவில்லை. சின்னவன்தான் குனிந்து மார்பில் காது வைத்தான். அப்படியே உட்கார்ந்து அழுதான். அது எந்த அழுகை என்று தெரியாமல் அவள் நின்றது ஒரு கணம்தான். அவளுக்கு அது ஒரு யுகம்.

"அடிக்குது, அண்ணி... அடிக்குது."

ஐந்து நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆறாம் நாள் கண்விழித்தவர் முதலில் கேட்டது, "பஸ்ஸை யார் எடுத்தாங்க?" அவர் விழுந்த அன்றே தீயணைப்பு ஆட்கள் முகமூடியோடு இறங்கி அளந்து பார்த்து, இன்னும் ஒருத்தர் இறங்கிச் சேற்றைக் கலக்கியிருந்தால், கிளம்புகிற வாயுவில் இருவருமே இரண்டு நிமிஷம்கூடத் தாங்கியிருக்க மாட்டார்கள் என்றார்கள். அதைக் கேட்ட நாத்தனார் அன்று மாலை வார்டுக்கு வந்து, அண்ணியின் கொப்புளித்த உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்து மருந்து தடவினாள்.

உரிமையாளர் ஆள் வைத்து மனை முழுக்கத் தட்டிப் பார்த்தார். இன்னொரு தொட்டி அகப்பட்டது. கத்தரிப்பாத்திக்கு நேர் கீழே. வாராவாரம் அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்து களையெடுத்த இடம்.

இரண்டையும் தூர்த்த பிறகு மறுபடி விதைத்தார்கள். பெரியவர் முழங்காலில் பட்டியோடு நாற்காலியில் உட்கார்ந்து யோசனை சொல்கிறார். அவளும் போகிறாள். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறாள். யாரும் சிரிப்பதில்லை.