பல்ஜான் வீட்டு மெத்தைகள்

அந்தத் தெருவில் வெள்ள அபாயச் சங்கு ஊதினால் யாரும் எழுந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பல்ஜான் வாசலில் ஒரு கம்பளத்தை உதறினால் போதும், எதிர்வீட்டு கபித் வண்டியைக் கிளப்பி வைத்துவிடுவான். அவள் புருஷன் தெமிர்ஹான் ஜாயிக் ஆற்றின் நீர்மட்டம் பார்க்கும் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். அவனுக்குத் தெரிந்தது பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகுமா என்பது தெருவின் கணக்கு.

கணக்கில் தப்பும் இல்லை. போன வெள்ளத்தின்போது வானொலி கடைசிவரை "நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கபித் வீட்டு நிலவறையிலிருந்து வெங்காயங்கள் மிதந்து மேலே வந்தன. ஆனால் ஆட்களும் மாடுகளும் அதற்கு முன்பே மேட்டுக்குப் போயிருந்தார்கள். தெமிர்ஹான் பல்ஜானின் காதில் சொல்லியிருந்தான், பல்ஜான் பக்கத்து வீட்டு ஷர்பானுவின் காதில் சொல்லியிருந்தாள். ஷர்பானுவிடம் சொன்ன பிறகு ஒலிபெருக்கி எதற்கு?

அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? வீண் பீதி கிளப்பினான் என்று மேலதிகாரி தெமிர்ஹானைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். வெள்ளம் வந்துவிட்டதே ஐயா என்று சொன்னதற்கு, அது வேறு விஷயம் என்றார். இன்னொரு தடவை வாயைத் திறந்தால் வேலை போகும், வழக்கும் வரும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அன்றிலிருந்து அந்த மனுஷன் வாயில் "தெரியாது" தவிர ஒன்றும் வருவதில்லை. குழம்பில் உப்பு சரியா என்று கேட்டால்கூடத் தெரியாது என்பான்.

இந்த வருஷமும் வசந்தப் புத்தாண்டான நவ்ரோஸ் முடிந்த கையோடு நகரம் கச்சையைக் கட்டிக்கொண்டு இறங்கியது. உறைந்த ஆற்றின்மேல் கரிச்சாம்பலை வாரி இறைத்தார்கள், வெயில் பட்டுப் பனி சீக்கிரம் இளகட்டும் என்று. பாலத்துக்குக் கீழே ரம்பத்தால் பனிக்கட்டியைக் கட்டம் கட்டமாக அறுத்துவிட்டார்கள். லாரி லாரியாக மண் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் மூட்டை கட்டினார்கள், சிப்பாய்கள் கரையில் அடுக்கினார்கள். கரை இடுப்பளவுக்கு உயர்ந்தது. கைப்பேசியில் தினமும் எச்சரிக்கைச் செய்தி வரும், பின்னாலேயே அது ஒத்திகை என்று இன்னொரு செய்தி வரும். ஜனங்கள் நிலவறையைக் காலி செய்தார்கள், பத்திரங்களை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினார்கள், பிறகு ஜன்னல் திரையை விலக்கி பல்ஜான் வீட்டைப் பார்த்தார்கள்.

பல்ஜானோ தன் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏதோ சரியில்லை. மனுஷன் வீட்டுக்கு வருவதே அரிதாகிவிட்டது. வந்தாலும் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எங்கேயோ பார்க்கிறான். கைப்பேசி அடித்தால் முற்றத்துக்கு எழுந்து போகிறான். கரையில் நிற்கிறவன் சட்டை ஏன் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது? யார் துவைக்கிறார்கள்? கேட்டால் அலுவலகத்தில் மாற்றுச் சட்டை வைத்திருக்கிறேன் என்கிறான். முப்பது வருஷமாக இல்லாத மாற்றுச் சட்டை.

ஒருநாள் காலையில் அவன் முகம் கழுவப் போயிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெமிர்ஹானுக்குப் படகு இயந்திரச் சத்தத்தில் காது மந்தம். எப்போதும் ஒலியைக் கூட்டித்தான் வைத்திருப்பான். பல்ஜான் எடுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண்குரல் முந்திக்கொண்டது.

"அண்ணே, மைரா பேசுறேன். வீட்ல இன்னும் அனுப்பலையா? எத்தனை நாள்தான் இழுப்பீங்க? இனிமே தாங்காது."

பல்ஜான் சத்தம் போடாமல் கைப்பேசியை இருந்த இடத்தில் வைத்தாள். மைரா யாரென்று அவளுக்குத் தெரியும். ஆற்றின் மேல்பகுதியில் விழுந்த பனியை அளந்து எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட, அந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்தவள். புருஷனைப் பிரிந்தவள் என்று ஷர்பானு சொல்லியிருந்தாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா?

தெமிர்ஹான் வந்து உட்கார்ந்தான். பால் தேநீரை ஒரு வாய் குடித்தான்.

"நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வாயேன்" என்றான்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன்னாலே மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. இப்ப நீங்களே போகச் சொல்றீங்க. தண்ணி வருதா?"

"நிலைமை கட்டுப்பாட்டில் உள்ளது" என்றான் அவன், வானொலிக்காரன் மாதிரியே.

"அந்த மைரா போன் பண்ணினா."

தெமிர்ஹானின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது. அவன் ஒரு மறுப்புச் சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். சிரித்திருந்தால்கூடப் போதும். அதற்குப் பதில் அவன் கேட்டது ஒன்றுதான்.

"என்ன சொன்னா?"

"என்னை எப்ப அனுப்பப் போறீங்கன்னு கேட்டா. அவளுக்குத் தாங்கலையாம்."

"அப்ப உனக்கே புரிஞ்சிருக்குமே" என்றான்.

"ஓஹோ. அப்படியா சங்கதி."

"நீ எப்படி வேணா நெனச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, தேநீர் போதும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தான். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பல்ஜான் அழவில்லை. அழுகையெல்லாம் பிறகு. முதலில் அண்ணன் எராலிக்குப் போன் போட்டு லாரியோடு வரச் சொன்னாள். பொண்ணு பார்க்கப் போகிறவள் மாதிரி கைப்பையோடு போய் நிற்க அவள் ஒன்றும் விருந்தாளி இல்லை. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது ஒரு துணி மிச்சமில்லாமல் திரும்பப் போக வேண்டும். வருகிறவள் வெறும் தரையில் படுக்கட்டும். சீதனமாக வந்த மரப்பெட்டியின் மேல் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மெத்தைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். சுவரில் இருந்த கம்பளத்தை ஆணியோடு பிடுங்கினாள்.

மத்தியானம் எராலியின் லாரி வாசலில் வந்து நின்றது. முதல் மெத்தை வெளியே வந்ததும் எதிரில் ஒரு திரை விலகியது. மூன்றாவது மெத்தைக்குள் ஷர்பானு மாவுக் கையோடு வந்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா பல்ஜான், எங்க கிளம்பிட்ட?"

"அண்ணன் வீட்ல ஒரு விசேஷம்."

"விசேஷத்துக்குக் கம்பளத்தையுமா உரிச்சுக்கிட்டுப் போவாங்க?"

"துவைக்கணும் அக்கா."

"அங்கதான் துவைப்பியா? இங்க ஆறு வத்திப் போச்சா?" ஷர்பானு குரலைத் தாழ்த்தினாள். "எங்கிட்ட மறைக்காத. தண்ணி வருது, அப்படித்தான?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

"சத்தியமா வரல."

ஷர்பானு அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிவந்த கண், கடித்த உதடு. "சரிதான். சொல்லாதேன்னு உன் புருஷன் சொல்லிட்டாரு. நீ சொல்லவே வேணாம், எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்று திரும்பி, ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அவ்வளவுதான். தெரு எழுந்துகொண்டது. கபித் வண்டியைத் திண்டாடித் திண்டாடிப் பின்னால் எடுத்தான். மாடுகளை அவிழ்த்தார்கள். கோடி வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த மனுஷனை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது. தூக்குகிறவர்களை வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தார்.

பல்ஜானுக்குப் பகீர் என்றது. போன தடவை உண்மைக்கே அவனை நிற்க வைத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை வராத வெள்ளத்துக்குத் தெருவே காலியானால் சும்மா விடுவார்களா? வேலையும் போய் வழக்கும் வரும். போகட்டும், அந்த மைரா வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததே வலித்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்காக வலிக்கிறதே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. அந்த நோயாளி மனுஷனை வேறு குளிரில் இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவள் தெரு நடுவில் போய் நின்றாள்.

"நில்லுங்க எல்லாரும். தண்ணியெல்லாம் ஒண்ணும் வரல. நான் கோவிச்சுக்கிட்டுத் தாய்வீட்டுக்குப் போறேன். என் புருஷனுக்கு வேற ஒருத்தி இருக்கா. என்னைப் போகச் சொல்லிட்டாரு. போதுமா?"

ஐம்பது வயது தாண்டிய பெண், பேரன் பேத்தி எடுத்தவள், அத்தனை பேர் முன்னால் தன் மானத்தைத் தானே அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றாள். காது மடல் எரிந்தது.

கபித் தொண்டையைச் செருமினான். "தெமிர் அண்ணனுக்கா? வேற ஒருத்தியா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பல்ஜான்" என்று ஷர்பானு அவள் தோளைப் பிடித்தாள். அவள் கண்ணில் நிஜமாகவே நீர் நின்றது. "புருஷன் வேலை போயிடக் கூடாதுன்னு உன் தலையிலேயே சேத்த வாரிக் கொட்டிக்கிறியே. எவ ஒருத்தி செய்வா இப்படி? போதும்மா, நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம். கேட்டா நீ கோவிச்சுக்கிட்டுப் போனேன்னுதான் சொல்வோம். டேய் கபித், கெழவரோட மாத்திரைய எடுத்தியா?"

சொன்ன பொய்யை மட்டும் இல்லை, சொன்ன உண்மையையும் அவர்கள் நம்பவில்லை. பல்ஜான் லாரியில் ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் எராலி சாலையையே பார்த்து ஓட்டினான். அவனும் தங்கச்சி சொன்னதை நம்பினானா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்து வெயில் ஏறிய நேரத்தில் ஜாயிக் மூட்டைகளைத் தாண்டியது. ஊரை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தபோது அந்தத் தெருவில் தண்ணீர் ஜன்னலைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியேற அங்கே ஆள் இல்லை. ஷர்பானு பள்ளிக்கூட முகாமிலிருந்து போன் செய்து அழுதாள், சிரித்தாள், பல்ஜானின் நடிப்பை வரிக்கு வரி திரும்பச் சொன்னாள். பல்ஜான் ம் கொட்டிக்கொண்டே எராலி வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் தெமிர்ஹான் வந்தான். முழங்கால் வரை சேறு, முகத்தில் பல நாள் தாடி. எராலியின் மனைவி மேசையில் தேநீர் வைத்துவிட்டு நைசாக வெளியே போனாள்.

"தெரியுமா உங்களுக்கு?" என்றாள் பல்ஜான். "என்னை அனுப்பும்போதே தெரியுமா?"

"மைரா கணக்குல முதல்ல தெரிஞ்சது, கரை தாங்காதுன்னு. மேல சொன்னோம். வாயை மூடுன்னுட்டாங்க."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா ஷர்பானுகிட்டச் சொல்லுவே. என்னை உள்ள வைப்பாங்க. சொல்லாம அனுப்பினா கைப்பையோட போவே, தெரு திரும்பிப் பார்க்காது. மெத்தையெல்லாம் தூக்கிக்கிட்டுப் போகணும்னா நீ கோவிச்சுக்கிட்டுப் போகணும். பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுத் தாய்வீடு போனதுக்கு எந்தச் சட்டத்துலயும் கேஸ் கிடையாது."

"அப்ப என்னைச் சங்கா ஊதுனீங்க."

"ஆமா."

"தெருவுல நின்னு கத்தினேன். உங்க வேலைக்காக."

"ஷர்பானு சொன்னா." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அதை நான் எதிர்பார்க்கல. மன்னிச்சுக்கோ."

பல்ஜானுக்குக் கோபம் வந்தது, ஆறுதலும் வந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல், "எவ்வளவு சுலபமாப் பொய் வந்துச்சு உங்களுக்கு" என்றாள்.

"நான் எங்க சொன்னேன்? நீயா நெனச்சுக்கிட்டே." அவன் நிமிர்ந்து பார்த்தான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, களைத்த குரல். "போன் வந்ததுன்னு நீ சொன்னதும் அதையே பிடிச்சுக்கலாம்னு தோணுச்சு. ஆனா இவளை நம்ப வைக்க என்னென்ன சொல்லணுமோ, எத்தனை நாள் ஆகுமோ, அதுக்குள்ள தண்ணி வந்துடுமோன்னு பயந்தேன். ஒரு கிண்ணம் தேநீர் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நம்பிட்டே, பல்ஜான். தெருக்காரங்க யாருமே நம்பலையாமே?"

அவள் மாற்றுச் சட்டை என்று ஆரம்பித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.