குறட்டை அக்கா

சாதிச் சங்கத்துச் செயலாளர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது, அக்கா ஒரு பெரியவரின் முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் சுவரோரம் பொறுமையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

“கொஞ்சம் வெளிய வாம்மா. தம்பி விஷயம்.”

“இவரை முடிச்சிட்டு வரேங்க.”

மூன்று குழாயும் நிரம்பி, பெயர்ச் சீட்டு ஒட்டி, பெரியவரைப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

தம்பி மேடையேறி ஆட்களைச் சிரிக்கவைக்கிறவன். முந்தின சாயங்காலம் அவன் பேசிக்கொண்டிருந்த அரங்கத்துக்குள் சங்கத்து ஆட்கள் புகுந்து நாற்காலிகளை உடைத்தார்கள். உடைத்தவர்களை விட்டுவிட்டு, மைக்கைப் பிடித்திருந்தவனைப் போலீஸ் விசாரணைக்குக் கூட்டிப்போனது.

“எங்களை மட்டுமா கேவலப்படுத்தினான்? உன்னையுந்தானே? பாதிக்கப்பட்டவ நீ. நீ கையெழுத்துப் போட்டாத்தான் கேஸ் நிக்கும்” என்று செயலாளர் டைப் அடித்த காகிதத்தை நீட்டினார்.

‘தீராத மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்’ என்று அதில் இருந்தது. அக்கா இரண்டு தடவை படித்தாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

தம்பி அவளை வைத்து மேடையில் சொல்லும் அந்த ஜோக்கை அவள் இதுவரை முழுசாகக் கேட்டதில்லை. கேட்டவர்களின் முகங்களைத்தான் பார்த்திருக்கிறாள். அது ஃபோன்களில் பரவிய இந்த ஒரு வருஷமாக, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்காருகிறவர்களில் யாராவது ஒருத்தர் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, “நீங்கதானே அந்தக் குறட்டை அக்கா?” என்று இளிப்பார். “கையை இறுக்கி மூடுங்க” என்பாள் அவள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் செயலாளரோடு ஸ்டேஷனுக்குப் போனாள். தம்பி சுவரோர பெஞ்சில், கசங்கின மேடைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தான். நிமிர்ந்து பார்த்தான். இன்ஸ்பெக்டர் அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவன் பேசியதை எழுதிவைத்திருந்த ரைட்டர், கரண்ட் பில் படிப்பதுபோல் படித்தார்.

“‘எங்க அக்காவைக் கட்டின மாமா ஒன்பதாம் நாள் ஓடிப் போயிட்டார். சங்கத்துப் பெரியவங்க எட்டு மணி நேரம் கூடிப் பேசினாங்க. ஓடினவனைத் தேடறதுக்கு இல்ல, இருக்கிறவகிட்ட என்ன குறைன்னு கண்டுபிடிக்க. கடைசியில ஒரு பெரியவர் எழுந்து, பொண்ணு குறட்டை விடுவான்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு போல.’ அடைப்புக்குறிக்குள்ள, பலத்த கைதட்டல்.”

வாசலில் நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. இருமுவதுபோல் பாவனை செய்து நகர்ந்துபோனார்.

நல்ல ஜோக்தான் என்று அக்காவுக்குத் தோன்றியது. அது தன்னைப் பற்றியது என்பது அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது.

“இதுல ஏதாவது உண்மை இருக்காம்மா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“ஒன்பது நாள் உண்மை சார். கூட்டமும் உண்மை. குறட்டைன்னு யாரும் சொல்லல.”

“பாத்தீங்களா சார்!” என்றார் செயலாளர்.

“உடம்புல ஏதோ குறை, டாக்டரை விட்டுச் சோதிக்கணும்னுதான் சொன்னாங்க. இவர்தான் சொன்னார். ரெண்டு பேர் கூடவே வந்தாங்க. சோதிச்சாங்க. குறை இல்லைன்னு டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கூட்டத்துல சத்தமாப் படிச்சாங்க.”

ரைட்டரின் பேனா நின்றது. செயலாளர் மின்விசிறியைப் பார்த்தார். “நாலு பேர் முன்னாடி சொல்ற விஷயமா இது?” என்று முணுமுணுத்தார்.

“அதெல்லாம் எழுத வேணாம்” என்றார் இன்ஸ்பெக்டர். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா.” ரைட்டர் கடைசி வரிகளைக் கோடு போட்டு அடித்தார்.

தம்பிக்கும் அந்தச் சோதனை விஷயம் தெரியும். மேடைக்காக அதைக் குறட்டையாக மாற்றியிருக்கிறான். அக்காவைக் காப்பாற்றவா, நடந்ததைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்பதாலா என்று அவளுக்கு விளங்கவில்லை.

“உளைச்சல் இருந்துச்சு சார். ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கிறது அது இல்ல” என்று காகிதத்தைத் திருப்பித் தள்ளினாள். செயலாளர் வீட்டுக்கு ஃபோன் போட்டார். அவர் மனைவி வந்து, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தீராத மன உளைச்சல் அந்த அம்மாளுடையதாயிற்று.

பொழுது சாய்வதற்குள் சமரசம் ஆனது. எழுதிக் கொடுத்த மன்னிப்பை ஃபோன் கேமராவைப் பார்த்துப் படித்தபிறகு தம்பியை வெளியே விட்டார்கள்.

“நீ கையெழுத்துப் போடலியே. ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

“உனக்காகன்னு இல்ல.”

“கோவமா?”

“தெரியலடா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப.”

“ஆமா.”

பஸ்ஸில் ஆளுக்கொரு மூலையில்தான் இடம் கிடைத்தது.

மறுநாள் மத்தியானம், கூட வேலை பார்க்கிறவள் சாப்பிட்டபடியே அந்த வீடியோவைக் காட்டினாள். தம்பி சங்கத்திடமும் பெரியவர்களிடமும் சமுதாயத்துத் தாய்மார்கள், சகோதரிகளிடமும் மன்னிப்புக் கேட்டான். உடைந்த நாற்காலிகளுக்காக அரங்கத்துக்காரரிடமும் கேட்டான்.

“உன்னைச் சொல்லவே இல்லையேடி!”

“சகோதரிகள்னு சொன்னானே, அதுல வந்திருப்பேன்” என்று அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மற்றவள் சிரித்துவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஜோக்கை எல்லா இடத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக யாரும் அவளை அடையாளம் கண்டுகொள்வதில்லை என்றானது. அப்படி ஒரு கூட்டம் நடந்தது என்று வெளியே சொன்ன ஒரே பேச்சும் அந்த ஜோக்தான் என்பது இரண்டு மாதம் கழித்து, ஒருவருடைய நரம்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவளுக்கு உறைத்தது. தேடி, குத்தி, எடுத்தாள்.

தம்பிக்கு இப்போது கம்பெனி விழாக்களில் நல்ல கிராக்கி. டிராஃபிக், தொப்பை, மறதி என்று பேசுகிறான். சங்கத்து ஆண்டுவிழாவுக்குச் செயலாளரே போய் அழைத்தார். அவன் பேசியபோது அக்கா பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் இருந்தாள். செயலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எல்லோரும் தட்டியபோது அவளும் தட்டினாள். காலை ஷிஃப்ட் இருந்ததால் பாதியில் எழுந்து, பக்கத்து முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தாள்.