மடி இருந்த இடம்

தங்கை வசந்தகுமாரியின் மகள் என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே வழுக்கித் தரைக்குப் போய்ச் சேர்ந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி வழுக்கினாள். விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். காதுகுத்துக்கு அழைக்க, வடக்கே வேறொரு தீவிலுள்ள ரங்கத்திலிருந்து வந்திருந்த தங்கையும் மாப்பிள்ளை சந்திரமோகனும் சிரிக்கவில்லை. முப்பது வருஷம் அரசாங்க ஜீப் ஓட்டியவன் நான். கடைசிக் காலத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பியது கையா வயிறா என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அது இன்னும் தாராளமாக வளர்ந்ததில், மடி என்கிற இடமே இல்லாமல் போயிருந்தது.

"மச்சானுக்குத் தரையில உக்கார சிரமம்னா, உங்க சித்தி மகன் விஜயன உக்கார வச்சிரலாம். அவரும் தாய்மாமன் முறைதானே. ஜிம்முக்கெல்லாம் போறாரு" என்றார் மாப்பிள்ளை, மரியாதையாகத்தான்.

தங்கை என் முகத்தைப் பார்க்காமல் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். எத்தனையோ வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை.

"தை மாசந்தானே? நான் உக்காருவேன் மாப்ள."

எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எங்களைக் கப்பலேற்றியபோது அம்மாவின் அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். வந்திறங்கிய முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருந்த யாரோ ஒருவர் மடி கொடுத்தாராம். அவர் பெயரை அம்மா கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. சாகும்வரை அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.

விஜயன் நல்லவன். "பெரியண்ணே, சலோ ஜிம். ரெண்டே மாசம், சிக்ஸ் பேக்" என்றான்.

"ஒரு பேக்கையே தூக்க முடியல தம்பி. ஆறு எதுக்கு?"

அவனிடமே போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு அவனையே ஒதுக்குவது நியாயமாகப் படவில்லை. வாசலிலேயே டெலானிபூர் மலை இருக்கும்போது ஜிம் எதற்கு? தினமும் காலையில் நடந்தேன். அபர்டீன் பஜார் வரைக்கும் புயல்மாதிரி போனேன். நான் வரும் வேகத்தைப் பார்த்து நாய்கள் சாக்கடைக்குள் குதித்தன. கீழே இரண்டு செட் பூரி சாப்பிட்டுத் தெம்பாக வீடு திரும்பினேன். ஒரு மாதமாகியும் வேட்டி இடுப்பில் நிற்கக் காணோம்.

குட்டை உடைத்தது ஆட்டோக்காரன் பன்னீர்செல்வம். வாசலில் என்னை இறக்கிவிடும்போது என் மனைவி ரெங்கம்மா நிற்பதை நான் கவனிக்கவில்லை.

"பாபி, நாளையிலேர்ந்து அண்ணங்கிட்ட டபுள் பாடா குடுத்து அனுப்புங்க. இவரு ஏறினா நம்ம காடி முன்சக்கரத்தத் தூக்குது" என்றான் அவன்.

ரெங்கம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இறங்கறப்ப பூமியே இழுத்துட்டுப் போவுது. அதுல நீங்க என்னத்த நடந்தீங்க?"

மறுநாளிலிருந்து கீழே போக ஆட்டோ, மேலே வரக் கால். பூரி நின்றது, சோறு பாதியானது. அந்த ஏற்றம் எனக்கு இரண்டாவது கியராக மட்டுமே தெரிந்திருந்தது. இப்போது அது எவரெஸ்ட்டுக்கு அண்ணனாகத் தெரிந்தது. வளைவுக்கு வளைவு நின்றேன். நிற்கிற இடத்திலெல்லாம் ஏதோ இருந்தது. ஒரு பெங்காலி வீட்டுக்குள் ஒரு பெண் ஆர்மோனியத்தில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பழகினாள். இரண்டு கூரைகளுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரிந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாதையில் என்னென்னத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன் என்று நினைத்தேன். மூச்சு வந்தபிறகு நடந்தேன்.

வீட்டில் சம்மணம் பழகினேன். முழங்கால்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பூகம்பமென்று வெளியே ஓடிவந்தார். மடியில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டேன். மார்கழி முடிவதற்குள் அது வழுக்காமல் உட்கார்ந்துவிட்டது.

"அரிசி ஒதைக்காது. புள்ள ஒதைக்கும்" என்றாள் ரெங்கம்மா. கொஞ்சம் கழித்து, "உக்காந்துட்டீங்க சரி, செவுரப் புடிக்காம எந்திரிப்பீங்களா?" என்றாள். நான் அரிசிப் பையை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

ரங்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கூடம் நிறையச் சனம். நடுவில் மனைப்பலகை போட்டிருந்தார்கள். எட்டும் தூரத்தில் சுவர் எதுவும் இல்லை. விஜயன் ஓரமாக, எதற்கும் தயாராக, புது வேட்டியில் நின்றிருந்தான். நான் உட்கார்ந்தேன். பிள்ளையை வாங்கினேன். வழுக்கவில்லை. ஆசாரி முதல் காதைத் தொட்டதும் வீறிட்டு என் விலாவில் உதைத்தாள். இரண்டாவது காதுக்கு என் மூக்கைப் பிடித்துத் திருகினாள். நான் அசையவில்லை. தங்கை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அழுது ஓய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

"மச்சான், எந்திரிங்க, எல போட்டாச்சு" என்று மாப்பிள்ளை கையை நீட்டினார். இடுப்புக்குக் கீழே எனக்குக் கால்கள் இருந்த தகவலே இல்லை.

"புள்ள தூங்குது. நீங்க சாப்பிடுங்க மாப்ள."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு பந்தி தொடங்கியது. ரெங்கம்மா வந்து, தானும் தரையில் என் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். சாம்பார் வாளிகள் எங்களைச் சுற்றிச் சுற்றிப் போயின. பிள்ளையின் சிவந்த காதில் கடுகளவு பொன். ஒவ்வொரு மூச்சுக்கும் அது என் வயிற்றின்மேல் ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.